ஓய்வுபெற்ற விமானத்தைப் படமெடுப்பது எப்படி?

சத்தியவேட்டில் விமான அருங்காட்சியகம் எதுவும் கிடையாது. ஆனால் அண்ணாந்து பார்த்துப் படமெடுக்கும் பழக்கம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உண்டு. வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிற நாளில் மொட்டை மாடியில் ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்போம்; வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும், அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவோம். தென்மேற்கே, நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர் அளவில், அரக்கோணம். அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம். 1992 தொடங்கிக் கால் நூற்றாண்டு காலம் டியூ-142 என்கிற ராட்சத ரஷ்ய விமானம் அந்தத் தளத்திலிருந்துதான் கடல்மேல் காவல் போய்வந்தது.

அந்த விமானத்தை இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே ஏறியே பார்க்கலாம். 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் அதற்கு விடை கொடுத்தார்கள். 1988இல் கடற்படையில் சேர்ந்ததிலிருந்து 29 ஆண்டுகள், ஏறக்குறைய 30,000 மணி நேரப் பறப்பு, விபத்து ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதமே அந்த ரக விமானங்களில் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போனது. அங்கே அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய், மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். நம் ஆந்திர மாநிலத்திலேயே இருக்கிறது. தடாவிலோ சூளூர்பேட்டையிலோ கூடூரிலோ ரயிலைப் பிடித்தால் போய்விடலாம். அதனால் இந்தக் கட்டுரைக்கு அதையே பாடமாக வைத்துக்கொள்கிறேன். பெங்களூரு, தில்லி, கோவா அருங்காட்சியகங்கள் இடையிடையே வரும்.

விமானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களின் ஃபோனைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்கள்தான் இருக்கும். மூக்குக்கு முன்னால் குடும்பம். இறக்கை பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். வால் பக்கம் ஒரு விளக்குக் கம்பம் முளைத்திருக்கும். கேமரா சரியில்லை என்று பழி போடுவோம். இன்றைய சாதாரண ஃபோனே இந்த வேலைக்குப் போதும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த விமானம் என்ன வேலை பார்த்தது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே ஃபோனை எடுத்துவிடுகிறோம். வேலை தெரிந்தால், எங்கே நிற்பது, எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை விடுவது என்பதெல்லாம் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

டியூ-142இன் வேலை நீர்மூழ்கி வேட்டை. அதனால் முதலில் விமானத்திடம் போகாதீர்கள். சாலைக்கு அந்தப் பக்கம், கடலோரமாக, ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. 1969இல் பணியில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்றது. 2002 முதல் அதுவும் அருங்காட்சியகம். அதற்குள் குனிந்து நடந்து, படுக்கைகளும் குழாய்களும் நெருக்கியடிக்கும் அந்த இடுக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடலுக்கடியில் சத்தம் காட்டாமல் கிடக்கும் அது போன்ற இரும்புக் குழலை, ஆகாயத்திலிருந்து இந்த விமானம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வேட்டையாடுகிறவனும் வேட்டைப்பொருளும் ஒரு சாலையின் இரு பக்கத்திலும் எதிரெதிரே ஓய்வெடுக்கிற இடம் உலகத்திலேயே அதிகம் இருக்காது.

இப்போது விமானத்தைப் பாருங்கள். வாலின் உச்சியிலிருந்து பின்னோக்கி ஒரு ஈட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக வைத்ததல்ல. பெரிய இரும்புப் பொருள் ஒன்று கடலுக்கடியில் இருந்தால் பூமியின் காந்தப்புலம் அந்த இடத்தில் இம்மியளவு பிசகும். அதை உணரும் கருவி அது. விமானத்தின் சொந்த இரும்பும் மின்சாரமும் கருவியைக் குழப்பக்கூடாது என்பதற்காக உடலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள். வயிற்றில் புடைத்துத் தெரிவது ரேடாருக்கான கூடு. கடைக்கோடியில் கண்ணாடி வைத்த சிறு அறையும் இரட்டைப் பீரங்கியும் இருக்கும். பின்னால் வரும் எதிரியைச் சுட. ஜெட் யுகத்திலும் வால் பீரங்கியோடு திரிந்த விமானம் என்பது இதற்கு ஒரு தனி அடையாளம். இதெல்லாம் தெரிந்தவருக்கு வால் பக்கம்தான் பொக்கிஷம். கூட்டமெல்லாம் மூக்கடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பின்னால் போய் நிம்மதியாக எடுக்கலாம்.

இதன் புரொப்பெல்லர்களுக்காகவே தனியாகக் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர், ஒவ்வொன்றுக்கும் நான்கு அலகு. முன்னது ஒரு பக்கம் சுற்றினால் பின்னது எதிர்ப்பக்கம் சுற்றும். ஒரே ஒரு புரொப்பெல்லர் இருந்தால் அது தள்ளும் காற்று முறுக்கிக்கொண்டு பின்னால் போகும், அந்த முறுக்கில் கொஞ்சம் சக்தி வீணாகும். எதிர்ப்பக்கம் சுற்றும் இரண்டாவது புரொப்பெல்லர் அந்த முறுக்கை நேராக்கி, வீணாகப் போவதையும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. புரொப்பெல்லர் விமானமாக இருந்தும் மணிக்கு 900 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்ததற்கு இந்த ஏற்பாடும், பின்னால் சாய்ந்த இறக்கையும், குஸ்னெத்சோவ் எஞ்சினின் அசுர பலமும் காரணம். ஓசைக்கும் பேர்போனது.

இதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? நேர் எதிரே நின்று எடுத்தால் இரண்டு வரிசையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எட்டு அலகுள்ள ஒரே புரொப்பெல்லர் போலத் தெரியும். விஷயமே போயிற்று. பக்கவாட்டில் நகருங்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே ஒரு வெளிச்ச இடைவெளி தெரிகிற இடம் வரை நகர வேண்டும். அங்கே நின்று, ஒரு எஞ்சினை மட்டும் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். அலகுகள் எதிரெதிராகத் திரும்பியிருப்பது தெரிய வேண்டும்; அதுதான் அந்தப் படத்தின் பொருள். புரொப்பெல்லரின் குறுக்களவு 5.6 மீட்டர். இது எவ்வளவு பெரிது என்பது வெறும் படத்தில் விளங்காது. அதனால் எஞ்சினுக்குக் கீழே ஓர் ஆளை நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கேமராவைப் பார்க்கத் தேவையில்லை, மேலே பார்க்கட்டும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது?

முழு விமானமும் சட்டத்துக்குள் வர வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் முதல் ஆசை. அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. விமானத்தின் நீளத்தை லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணால் பெருக்கி 36ஆல் வகுத்தால், பக்கவாட்டில் எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று வரும். ஃபோனின் சாதாரண லென்ஸ் பெரும்பாலும் 24 மில்லிமீட்டருக்குச் சமமானது. டியூ-142இன் நீளம் 53 மீட்டர். 53 பெருக்கல் 24 வகுத்தல் 36 என்றால் 35 மீட்டர். ஃபோனில் 0.5 என்று வரும் அகல லென்ஸ் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர்; அதற்கு 19 மீட்டர் போதும். இரண்டு மடங்கு ஜூம், அதாவது 50 மில்லிமீட்டர் அளவு என்றால், 74 மீட்டர் வேண்டும். ஃபோன் படத்தின் சட்டம் கொஞ்சம் குட்டையானது என்பதால் இன்னும் ஓரிரு மீட்டர் பின்னால் போங்கள்.

19 மீட்டரில் வேலை முடியும்போது எதற்காக 74 மீட்டர் நடப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பாகம் ஊதிப்போகும், தள்ளியிருப்பது சூம்பிப்போகும். மூக்கருகே நின்றால் பெரிய மண்டையும் குச்சி வாலுமாக ஒரு கேலிச்சித்திரம் கிடைக்கும். விமானத்தை வடிவமைத்தவர் உடலுக்கும் இறக்கைக்கும் வைத்த விகிதம் அந்தப் படத்தில் இருக்காது. லென்ஸை மாற்றுவதால் மட்டும் இது சரியாகாது. நிற்கும் தூரம்தான் விகிதத்தை முடிவு செய்கிறது. தள்ளிப் போய் ஜூம் செய்தால், வரைபடத்தில் இருக்கும் விகிதத்துக்கு அருகில் வரும். ஆவணமாக ஒரு படம் வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் எடுப்பதே என் கட்சி. மதில் வரை போய்விட்டேன், இடமில்லை என்றால், நேர் பக்கவாட்டை விட்டுவிட்டு மூக்குப் பக்கமாகச் சாய்ந்த கோணத்தில் எடுங்கள். சாய்ந்து பார்க்கும்போது நீளம் சுருங்கித் தெரியும், சட்டத்துக்குள் அடங்கும்.

பனோரமாவில் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நின்ற இடத்தில் ஃபோனைச் சுழற்றி எடுக்கும் படம் அது. நேரான உடல் வாழைப்பழம் போல வளைந்துவிடும். கடற்கரைக்கு அது சரி, விமானத்துக்கு ஆகாது.

கேமராவின் உயரமும் முக்கியம். எல்லோரும் கண் மட்டத்தில் எடுப்பதால் எல்லாப் படமும் ஒன்றுபோல இருக்கிறது. டியூ-142 போன்ற பெரிய விமானத்தைத் தரையோடு தரையாக உட்கார்ந்து எடுத்தால் வயிறும் சக்கரங்களும் ஓங்கித் தெரியும். பின்னால் இருக்கும் கட்டடங்கள் ஓரளவு மறையும். பழைய ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் மாதிரியான விமானங்களுக்கு வாலடியில் சின்னச் சக்கரம். நிற்கும்போதே மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். அவற்றை முன்னாலிருந்து தாழ்வாக எடுத்தால் கிளம்பத் தயாராக இருப்பது போலத் தெரியும். மாறாக, போர் ஜெட்டின் இறக்கை வடிவம் மேலிருந்து பார்த்தால்தான் புரியும். மண்டபத்தில் மாடியோ பார்வை மேடையோ இருந்தால் ஏறிவிடுங்கள்.

வெயில், மேகம், இருட்டு

விசாகப்பட்டினக் கடற்கரையில் கடல் கிழக்குப் பக்கம். காலை வெயில் கடலிலிருந்து வரும், மாலை வெயில் ஊர்ப் பக்கமிருந்து. அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, அந்த நேரத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்தில் விழும் என்று கணக்குப் பண்ணுங்கள். உச்சி வெயிலில் இறக்கையின் நிழல் உடல்மேல் கறுப்பாக விழுந்து பாதி விமானம் காணாமல் போகும். மாலையில் சாய்வாக விழும் வெயிலில்தான் தகட்டில் வரிசையாக அடித்த ரிவெட்டுகளும், வருடக்கணக்காகப் பறந்ததில் தகடு லேசாக நெளிந்திருப்பதும் எழுந்து தெரியும். அந்த நெளிவு ஒரு விமானத்தின் வயது. பெயின்ட் எத்தனை முறை பூசினாலும் அதை முழுதாக மறைக்க முடியாது.

வெளிர் நிற விமானத்தைக் கேமரா நம்பாது. சட்டம் முழுக்க வெளுப்பாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். விமானம் அழுக்குச் சாம்பலாக வரும். ஃபோன் திரையில் விமானத்தின் உடலைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும். கறுப்பு மூக்கு, கரும்பச்சை பெயின்ட் என்றால் தலைகீழ்: குறியைக் கீழே இறக்க வேண்டும்.

மழைக்கால மேகமூட்டத்தில் வானம் வெள்ளைத் துணியாக இருக்கும். அப்போது முழு விமானத்தை எடுக்காதீர்கள். வானத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுப் பாகங்களை எடுங்கள். நிழலே இல்லாத அந்த மென்வெளிச்சத்தில் எஞ்சின் வாய், சக்கரக் கூடு, எண்கள் எல்லாம் தெளிவாக வரும். மழை விட்ட பிறகு தரையில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதிர்ஷ்டம்; விமானத்தின் பிம்பம் அதில் விழும்.

இருட்டுகிற நேரத்தில் விளக்குப் போட்டிருந்தால் ஃபோனின் இரவு முறை நன்றாக வேலை செய்யும். ராக்கெட்டைப் போல இது ஓடிவிடாது. ஃபோனைச் சுவர் மேலோ கைப்பிடிக் கம்பி மேலோ ஊன்றி, இரண்டு மூன்று நொடி அசையாமல் பிடித்தால் போதும். நடமாடும் ஆட்கள் புகையாகக் கலைந்துபோவார்கள், விமானம் மட்டும் கூர்மையாக நிற்கும். கூட்டத்தைச் சமாளிக்கவும் இது ஒரு வழி.

உள்ளே

டியூ-142இன் உள்ளே இடம் குறுகல். பின்னால் வரிசை நிற்கும். இங்கே 0.5 லென்ஸ் தவறில்லை. வேறு வழியும் இல்லை. ஆனால் ஃபோனை நேராகப் பிடியுங்கள். மேலோ கீழோ சாய்த்தால் சுவர்களெல்லாம் விழுந்துவிடுவது போலத் தோன்றும். அகலமாக ஒன்று எடுத்த பிறகு நெருங்கிப் போய்த் தேய்ந்த பொருள்களைப் பாருங்கள்: கைபட்டுப் பளபளத்த பிடி, கிழிந்து ஒட்டுப்போட்ட இருக்கை, பெயின்ட் போன சுவிட்ச். பத்து மணி நேரக் காவலில் மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்த இடம் என்பது அவற்றில்தான் தெரியும். அருங்காட்சியகக் கூடத்தில் சோனோபாய்களை வைத்திருக்கிறார்கள். விமானத்திலிருந்து கடலில் போடும் குழல்கள் அவை. நீருக்கடியில் காதை வைத்துக் கேட்டு, கேட்டதை ரேடியோவில் விமானத்துக்குச் சொல்லும். அதையும், தனியாக வைத்திருக்கும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டால் விமானத்தின் கதை முழுமையாகும்.

மூடிய மண்டபங்களில் வேறு தொல்லைகள். தில்லியின் பாலம் பகுதியில் இருக்கும் இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விமானங்கள் ஹேங்கருக்குள் நெருக்கமாக நிற்கின்றன. ஒன்றின் இறக்கை இன்னொன்றின் மூக்கை மறைக்கும். அங்கே முழு விமானம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். 1933இல் விமானப்படையின் முதல் படையணி தொடங்கியபோது அதனிடம் இருந்தவை நான்கே நான்கு வாப்பிட்டி விமானங்கள். அந்த ரகத்தில் ஒன்று இங்கே இருக்கிறது. சட்டகத்தின் மேல் துணி போர்த்திய இரட்டை அடுக்கு இறக்கை. இரண்டு அடுக்குக்கும் நடுவே இருக்கும் கட்டைகளையும் கம்பிகளையும் நெருக்கமாக எடுத்து, பின்னால் ஒரு ஜெட் மங்கலாகத் தெரியும்படி வைத்தால், முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்த மாற்றம் ஒரே படத்தில் வந்துவிடும். நெருக்கடியையே சாதகமாக்கிக்கொள்ளும் வழி இது.

மண்டப விளக்குகளைப் பற்றி ஒரு விஷயம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி.யும் பழைய டியூப்லைட்டும் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டர் வேகத்தை அதிகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். கையால் அமைக்கும் வசதியிருந்தால் ஐம்பதில் ஒரு நொடி அல்லது நூறில் ஒரு நொடி வையுங்கள், பட்டை போய்விடும்.

நிறத்தையும் கவனியுங்கள். மிக்-21 போன்ற சோவியத் விமானங்களின் காக்பிட் உட்புறம் ஒரு விசித்திரமான நீலப்பச்சை. ஃபோன் அதை வெளிச்சக் கோளாறு என்று நினைத்துச் சாம்பலாக ‘திருத்தி’விடும். வெள்ளை எது என்று நீங்களே அமைத்து, அந்த நீலப்பச்சையைக் காப்பாற்றுங்கள். மிக்-21, நம் விமானப்படைக்கு 1963இல் வந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி விடைபெற்ற ரகம். இனி இங்கே அந்த ரகத்தைக் காட்சியகங்களில்தான் பார்க்க முடியும்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஃபோனின் ஃபிளாஷ் சில அடிக்கு மேல் எட்டாது. விமானத்தில் பக்கத்துத் தகடு மட்டும் வெளுத்து, மீதி இருட்டில் போகும். காக்பிட் கண்ணாடிக்குள் எடுக்க வேண்டுமானால் ஃபோனைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோய், கைக்குட்டையால் சுற்றிலும் மறைத்துப் பிடியுங்கள், தொடாமல். பிரதிபலிப்பு போய்விடும். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் போலரைசர் மாட்டிக்கொண்டு போவார்கள். கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் விழும் பளபளப்பை அது குறைக்கும். பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில் ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் கண்ணாடி மூடி வழியாகப் பார்க்கும்போது சில நேரம் வானவில் நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். கேமராக் கோளாறு இல்லை. அந்தப் பிளாஸ்டிக்கை வளைத்து வார்த்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் போலரைசரில் நிறமாகத் தெரிகிறது.

சின்ன விமானம், பெரிய கதை

நாட் போர் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 6.7 மீட்டர்தான். டியூ-142இன் ஒற்றைப் புரொப்பெல்லரைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளைத் திணறடித்ததும், 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே நிர்மல் ஜித் சிங் செகோன் தனியாகப் போரிட்டு உயிர் துறந்து பரம் வீர் சக்ரா பெற்றதும் இந்தக் குட்டி விமானத்தில்தான். இதை அகல லென்ஸில் எடுத்துப் பூதாகரமாகக் காட்டுவது அநியாயம். சின்னதாக இருந்ததால்தான் எதிரியின் கண்ணில் படாமல் தப்பியது. பக்கத்தில் ஓர் ஆளையோ பெரிய விமானத்தின் சக்கரத்தையோ சேர்த்து, அதன் சிறுமையைக் காட்டுங்கள்.

நமக்குக் கிட்டத்தில் இருப்பது பெங்களூரு எச்.ஏ.எல். பாரம்பரிய மையம். 2001இல் தொடங்கியது. இங்கே தேட வேண்டியது இந்தியாவில் பிறந்த விமானங்களை. 1951இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும், ஜெர்மானிய வடிவமைப்பாளர் கூர்ட் டாங்க் இங்கே வந்து உருவாக்கி 1961இல் பறந்த மாருத் போர் விமானமும் அப்படிப்பட்டவை. மாருத்தின் உடல் மெலிந்து நீண்டது; அதன் அழகு பின்பக்க முக்கால் கோணத்தில். இவை போக, கல்லூரிகளிலும் பழைய விமானங்கள் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்துல் கலாமுக்கு விமானப் பொறியியல் மேல் பிடிப்பு வந்தது. அவரே தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். கல்லூரி வளாகத்தில் எடுக்க முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள்.

எந்த விமானமானாலும் அதன் வரிசை எண்ணை ஒரு படம் எடுக்காமல் வராதீர்கள். ஒரே ரகத்தில் நூற்றுக்கணக்கில் செய்திருப்பார்கள்; எந்தப் படையணியில் இருந்தது, எந்தப் போரில் பறந்தது என்று தேட அந்த எண்தான் நூல்முனை. பக்கத்திலிருக்கும் தகவல் பலகையையும் எடுங்கள். பலகை சொல்வதும் எண் சொல்வதும் சில இடங்களில் ஒத்துவராது. மறுபடி பெயின்ட் அடிக்கும்போது எண்ணும் அடையாளமும் மாறிப்போவது உண்டு. வட்ட அடையாளம்கூடக் கதை சொல்லும்: இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்த நம் விமானங்களின் வட்டத்திலிருந்து நடுச்சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாது அல்லவா! அந்தக் கால விமானம் ஒன்றில் நடுச்சிவப்போடு வட்டம் இருந்தால், எந்த ஆண்டைக் காட்ட நினைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் கேமராவுக்குத் தனிச் சீட்டு. ஃபோனுக்கு வேறு விதி, வீடியோவுக்கு வேறு விதி. முக்காலி பெரும்பாலும் கூடாது. வாசலிலேயே கேட்டுவிடுங்கள். இந்த அருங்காட்சியகங்களில் பல ராணுவ நிலத்துக்கு உள்ளேயோ ஒட்டியோ இருக்கின்றன. பாலம் அருங்காட்சியகம் விமானப்படைத் தளத்தில். கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகம் டாபோலிம் விமான நிலையத்துக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா கடற்படைத் தளத்துக்கும் பக்கத்தில். காட்சிக்கு வைத்த விமானத்தை எடுக்கலாம். வேலிக்கு அப்பால் ஓடுபாதையில் நிற்பதை எடுக்கக்கூடாது. 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தின் மேல் ஏறுவதும், ‘ஒரே ஒரு படத்துக்கு’ என்று புரொப்பெல்லரைப் பிடித்துத் தொங்குவதும் வேண்டாம். ஒவ்வொரு கையிலும் வியர்வையின் உப்பு இருக்கிறது, அலுமினியத்துக்கு அது எதிரி. கடற்கரையில் நிற்கும் விமானத்துக்கு உப்புக்காற்றே போதுமான பகை.

வீட்டுக்கு வந்ததும் படங்களை வடிகட்டுங்கள். ஒரு விமானத்துக்கு முழு உருவம் ஒன்று, அதன் வேலையைச் சொல்லும் பாகம் இரண்டு மூன்று, எண், பலகை, ஆள் நிற்கும் அளவுப் படம் ஒன்று. இவ்வளவு இருந்தால் போதும். இடம், தேதி, எண் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். நிறத்தை ஏற்றிக் காட்டும் ஃபில்டர்களைத் தொடாதீர்கள். கடற்படைச் சாம்பல் நிறம் நீலமாகிவிட்டால் அது பொய்ச்சாட்சி.

ராஜாளியில் இப்போது பறப்பது பி-8ஐ என்ற ஜெட், 2013 முதல். டியூ-142ஐப் பராமரித்தவர்கள், எரிபொருள் நிரப்பியவர்கள், தளத்தில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள் அரக்கோணம், திருத்தணி, நகரி, ஊத்துக்கோட்டைப் பக்கமெல்லாம் இருப்பார்கள். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ அப்படி யாராவது இருந்தால், விசாகப்பட்டினம் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் வேலை பார்த்த இடத்தை அவரே கைநீட்டிக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுங்கள். அவர் சொல்வதை ஃபோனிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தகவல் எந்தப் பலகையிலும் இல்லை.